வெந்நீர்ப் பெட்டிக்குள் நான் மாற்றி வைத்தது

செல்வா,

நீ தமிழை மெதுவாகத்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். மலையாளப் பத்திரிகையை ஒரு சாயா ஆறுவதற்குள் முடித்துவிடுகிறவன், தமிழ் என்றால் உதட்டை அசைத்து எழுத்தெழுத்தாகப் போவாய். இருந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். மலையாளத்தில் எனக்கு மனு எழுத வரும், வாதாட வரும், சண்டை போடவும் வரும். இதை எழுத அது வரவில்லை. நீ மெதுவாகப் படிப்பதும் ஒரு வகையில் நல்லது. வேகமாகப் படித்தால் பாதியில் கோபம் வந்து மடித்து வைத்துவிடுவாய். உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணும் படிக்கட்டும். பாலக்காட்டில் இருக்கும் அவளுடைய அப்பா அம்மாவும் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் தமிழ்தானே.

போன வாரம் பெங்களூரிலிருந்து நீ தொலைபேசியில் பேசினாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மட்டாஞ்சேரிக்கு வருகிறார்கள், பெரியப்பாவும் அன்றைக்கு நம் வீட்டில் இருப்பார், நான்தான் வரச் சொல்லியிருக்கிறேன் என்றாய். அதோடு நிறுத்தாமல், "அவரைப் பத்திக் கேட்டா நீங்க என்னப்பா சொல்வீங்க?" என்றும் கேட்டாய். நான், "அதெல்லாம் சமயம் பார்த்துச் சொல்லிக்கலாம்" என்றேன். நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சொன்னான்?" என்றாள். சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, "இன்னும் சமயம் வரலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். கல்யாணத்தை முன்னிட்டு மகனுக்குப் புத்தி சொல்லும் தகப்பன்மார் உண்டு. நானும் அப்படி ஒன்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தது நீ ஒன்பதாம் வகுப்பில் செய்த வெந்நீர்ப் பெட்டி. அதைச் சொல்லாமல் உனக்கு எந்தப் புத்தியும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பெண் வீட்டாருக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சலவைத் தொழில் செய்யும் குடும்பம். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து போர்ட் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி. என் அப்பா இறந்தபோது அண்ணன், அதாவது செல்வாவின் பெரியப்பா, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டோபிக்கானாவில் அப்பாவின் துவைக்கும் தொட்டியில் இறங்கினார். நான் இறங்கவில்லை. எர்ணாகுளத்தில் கல்லூரிக்குப் போய் எம்.எஸ்சி. இயற்பியல் வரை படித்தேன். கல்யாணம் ஆனதும் டோபிக்கானாப் பக்கத்திலிருந்து கிளம்பி, மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் இரண்டு சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு வாடகை வீடு பார்த்துக் குடிவந்தேன். அலுவலகத்துக்குப் பக்கம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அலுவலகத்துக்கு அது ஒன்றும் பக்கமில்லை. சுக்கும் மிளகும் மணக்கிற சந்தில் யாரும் என்னை எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். சரக்குக்கு அனுமதி எடுத்துக் கொடுக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் எழுத்தராக இத்தனை வருடம் இருந்துவிட்டேன். அண்ணன் வெளுப்பதும் தேய்ப்பதும் இன்றுவரை டோபிக்கானாவில்தான்.

மோகன்தாஸ் என்ற பெயரை நம் வீட்டில் நீ ஆயிரம் முறை கேட்டிருப்பாய். சாப்பிடும்போது நான் யாரையாவது திட்டினால் அது பெரும்பாலும் அவனாகத்தான் இருக்கும். என்னோடு எம்.எஸ்சி. படித்தவன். எனக்குக் கிடைக்க வேண்டிய விரிவுரையாளர் வேலையைச் சிபாரிசில் தட்டிப் பறித்தவன் என்று உன்னிடம் சொல்லி வளர்த்தேன். அவனுக்கு மதிப்பெண் என்னைவிட அதிகம். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சிபாரிசும் இருந்தது என்பதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் மதிப்பெண் அதிகம். என் கோபத்தின் வேர் அந்த வேலையில் இல்லை. கல்லூரியில் வாய்மொழித் தேர்வு நாளன்று உடுத்திக்கொள்ள என்னிடம் நல்ல சட்டை கிடையாது. வெளுக்க வந்த மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் தொழிலில் அது பெரிய தப்பு. அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் அடித்திருப்பார். ஆய்வுக்கூடத்தில் மோகன்தாஸ் என் பின்னால் நின்றிருந்தான். காலரைப் பிடித்துத் திருப்பினான். துணி யாருடையது என்று தெரிய உள்பக்கம் மையால் ஒரு குறி போடுவோம் அல்லவா, அதைப் பார்த்தான்; அவன் அப்பாவின் துணிக்குப் போடும் குறி. "எடோ, இது என் அச்சனோட சட்டையல்லே?" என்றான். திட்டவில்லை, கோபப்படவில்லை, சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. கல்லூரி முடியும்வரை எனக்கு 'அலக்குகாரன்', வெளுக்கிறவன், என்று பெயர். சட்டையைத் திருடிப் போட்டது நான். அதை மறந்துவிட்டு, சிரித்தவனை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

இனி உன் பெட்டி. அந்த வருடம் சாஸ்திர மேளாவில், அதுதான் பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சியில், புதிதாக ஒரு போட்டி வைத்தார்கள். மின்சாரம் கூடாது, பிளாஸ்க் கூடாது. மாணவன் தானே செய்த பெட்டிக்குள் ஒரு குப்பி வெந்நீரை வைத்து மூட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு சூடு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பாதி மதிப்பெண் அந்தச் சூட்டுக்கு. மீதிப் பாதி, எவ்வளவு மிஞ்சும் என்று மாணவன் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது எவ்வளவு சரியாக வருகிறது என்பதற்கு. நல்ல போட்டி. யார் யோசித்தார்களோ, உண்மையாகவே பாடம் தெரிந்தவர்கள். நீ அன்றைக்கு அறிவிப்பைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாய். நான் இயற்பியல் படித்தவன் என்பதால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாய் போலும். நான், "இதெல்லாம் மேசைக்கு மேல கூத்து. இதை வச்சு யாரும் உனக்கு வேலை தரப்போறதில்ல" என்றேன். நீ அறிவிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். போனது டோபிக்கானாவுக்கு.

அங்கே உனக்கு ஒரு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. தேய்த்த துணிகளை அடுக்கி மூட்டை கட்டி, சாயங்காலம் பெரியப்பாவின் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோகும்போது, மூட்டையைப் பிரித்துக் கையை விட்டால் நடுவில் இன்னும் சூடாக இருக்கும். எனக்கும் சின்ன வயதில் அது தெரியும். மழைக்காலத்தில் குளிருக்கு நான் அந்த மூட்டையில் கையை நுழைத்துக்கொண்டு போவேன். எனக்கு அது கை சூடாவதோடு முடிந்துவிட்டது. நீ அதை ஏன் என்று கேட்டாய். ஊரை விட்டுப் போனவர்களும், மூடிப்போன ஓட்டல்களும் திரும்ப வாங்காமல் விட்ட பழைய துணிகள் அங்கே குவிந்து கிடக்கும். கம்பளி, பருத்தித் துண்டு, ஜன்னல் திரை. பெரியப்பா, "எடுத்துக்கடா, யாரும் கேட்க வரமாட்டாங்க" என்று கொடுத்தார். ஒரு மரப்பெட்டிக்குள் அவற்றை அடுக்கினாய். இறுக்கி அடைத்தால் சூடு சீக்கிரம் போகிறது, தளர்வாக மடித்து வைத்தால் நிற்கிறது என்று நீயே கண்டுபிடித்தாய். பள்ளியிலிருந்து வாங்கி வந்த வெப்பமானியை வைத்துக்கொண்டு பல நாள் சோதித்தாய். கடைசியில் பெட்டியை மூடும்போதே என்ன எண் வரும் என்று சொல்லத் தொடங்கினாய், அதுவும் அப்படியே வந்தது. நான் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நம்பவும் வேண்டாம்.

மேளாவுக்கு முந்தின நாள் காலையில் இரண்டு காரியம் நடந்தது. நீ அம்மாவை உட்கார வைத்து, நடுவர்களிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று ஒப்பித்துக் காட்டினாய். "இது முழுக்க என் வல்யச்சன் டோபிக்கானாவுல வெளுத்த துணி. இந்தக் குறி ஒரு ஓட்டலோடது, இது ஒரு டாக்டர் வீட்டுது" என்று, பெரியப்பாவை வல்யச்சனாக்கி, மலையாளத்தில் கதை மாதிரி சொன்னாய். அம்மா சிரித்தாள். அதற்குப் பிறகு அலுவலகத்துக்குப் போன இடத்தில், நடுவர்களில் ஒருவர் மோகன்தாஸ் என்று கேள்விப்பட்டேன். அப்போது அவன் பேராசிரியராக இருந்தான். அந்த மதியம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என் மகன், என் முகச்சாயலோடு, அவன் முன்னால் நின்று பெட்டியைத் திறந்து, குறி போட்ட துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டப்போகிறான். அவன் மறுபடி சிரிப்பான். இதுதான் எனக்குத் தெரிந்தது. உன் எண் தெரியவில்லை, உன் உழைப்பு தெரியவில்லை.

அரை நாள் விடுப்பு போட்டேன். போர்ட் கொச்சியில் மீன் ஏலம் போடும் இடத்துக்குப் போய், மீன் வைக்கும் தெர்மகோல் பெட்டிகள் இரண்டு கேட்டு வாங்கினேன். நீ பள்ளியில் இருந்தாய், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். அரிவாள்மனையில் வைத்துப் பலகை பலகையாக அறுத்தேன். உன் பெட்டியின் மூடியில் நீ தைத்திருந்த உறையைப் பிரித்து, துணிகளை எல்லாம் வெளியே எடுத்து, தெர்மகோலை அடுக்கி, திரும்பத் தைத்தேன். தைக்க எனக்கு நன்றாக வரும், எந்தக் குடும்பத்துப் பிள்ளை நான். துணிகளை மூட்டை கட்டி, ஒரு கிட்டங்கியின் பின்னால் கழிவுச் சாக்குகளோடு போட்டேன். தப்பு செய்கிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை. தெர்மகோல் துணியைவிட வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும்; அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். உனக்கு உதவி செய்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி என் புத்தியில் பதியவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று நீ எழுதிக் கொடுத்திருப்பதோடு, கடைசியில் பெட்டியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதும் தெரியாது. போட்டித் தாளை நான் படித்தால்தானே.

மறுநாள் படகுத்துறைக்கு நடந்தோம். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். "அப்பா, நான் தூக்கறேன்" என்றாய். "வேண்டாம், கனமா இருக்கு, உனக்குக் கை வலிக்கும்" என்றேன். உன் முகம் மலர்ந்தது. அதுவரை உன் காரியம் எதையும் நான் தூக்கினதில்லை. பெட்டியில் கனமே இல்லை. அதனால்தான் உன் கையில் கொடுக்கவில்லை. செல்வா, இத்தனை வருடத்தில் என்னைத் தூங்கவிடாத பல விஷயங்களில் முதலாவது அந்த முகம்.

படகில் உன்னிடம் சொன்னேன், "உள்ளே என்ன இருக்குன்னு கேட்டா இன்சுலேஷன்னு மட்டும் சொல்லு. வீட்டு விஷயமெல்லாம் எதுக்கு அங்க?"

"வீட்டு விஷயம் இல்லப்பா, பெட்டி விஷயம்" என்றாய்.

எர்ணாகுளத்துப் பள்ளியில் பெட்டியை நானே உன் மேசையில் வைத்தேன்; பிறகு பெற்றோரை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியே பார்க்கலாம். உனக்குக் கொடுத்த குப்பியை உள்ளே வைத்தாய். உறையைப் பிரிக்காமல் மூடியின் நடுத்துவாரம் வழியாக இறக்கும்படி நீயே செய்திருந்தாய், அதனால் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். மற்றப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; நீ பார்க்கவில்லை. அவ்வளவு நிச்சயம் உனக்கு. ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானியை வைத்தார்கள். நீ குனிந்து பார்த்தாய். மறுபடியும் பார்த்தாய். நீ எழுதியதற்கும் வந்ததற்கும் வெகு தூரம். துணி பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் போய் நிறையும். நான் அரிவாள்மனையில் அறுத்த பலகைகளுக்கு நடுவே விரல் போகும் அளவு சந்து, அந்தச் சந்து வழியாகக் காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எம்.எஸ்சி. படித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குள் வாசனை வந்துவிட்டது. சூடு பட்டதும், சோப்புக்குப் போகாத மீன் நாற்றம் எழுந்து வராந்தா வரைக்கும் வந்தது. மோகன்தாஸ் உன் மேசைக்கு வந்து மூக்கை உறிஞ்சினான். தலை நரைத்திருந்தது. "மோனே, இது என்தா, மத்திப் பெட்டியோ?" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நீ உறையைப் பிரித்து உள்ளே கையை விட்டு ஒரு தெர்மகோல் பலகையை எடுத்தாய். அதில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாய். பிறகு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாய், என்னை.

"நீ எழுதிக் கொடுத்ததுல துணின்னல்லே இருக்கு?" என்று அவன் கேட்டான்.

"நான்தான் மாத்தினேன் சார்."

"எப்போ?"

"நேத்து."

"பின்னே எண்ணை ஏன் மாத்தல?"

"மறந்துட்டேன்."

பக்கத்தில் இருந்த ஆசிரியை விடவில்லை. "பொய் பறயாதே மோனே. வேற யாரோ செய்து தந்தது. அதனாலதான் உள்ளே என்ன இருக்குன்னு உனக்கே தெரியல" என்று சொல்லி, உன் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நீ தலை குனியவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய், இவன் செய்யவில்லை, நான் செய்தேன் என்று சொல்ல எத்தனை அடி நடக்க வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது.

இதுவரைக்கும் நடந்ததை உன் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் வருவதை இவ்வளவு நாளும் சொன்னதில்லை. உனக்குத் தெரியும், நீ பக்கத்தில் நின்றாய். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும். போட்டி முடிந்து நீ பெட்டியோடு வெளியே வந்தாய். பின்னாலேயே மோகன்தாஸ் வந்தான். என்னை நேராகப் பார்த்து, "எடோ, நீதானோ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். உண்மையான சந்தோஷம் அவன் முகத்தில். "உன் சேட்டன் பறஞ்சு, தம்பி மகன் பெட்டி கொண்டு வருவான், முழுக்க நம்ம பழைய துணியாக்கும்னு. எங்க வீட்ல வேண்டாம்னு விட்ட கம்பளிகூட அதுல உண்டுன்னு. நான் காலையிலேருந்து அதைத்தான் தேடிட்டிருக்கேன். இவனோ உன் மகன்? என்னாச்சு அந்தத் துணியெல்லாம்?" என்றான். சேட்டன் என்று அவன் சொன்னது அண்ணனை; அவன் வீட்டுத் துணியை அவர்தான் அப்போதும் வெளுத்துக்கொண்டிருந்தார். அந்த வராந்தாவில் இன்னும் நாலைந்து பெற்றோர் நின்றிருந்தார்கள், அவர்களில் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்.

நான் கையை உருவிக்கொண்டேன். "ஏது சேட்டன்?" என்றேன். "ஆள் மாறிப் போச்சு. எனக்குச் சேட்டன் யாரும் இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு உன்னைப் பார்த்தான். உன் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "சரி" என்று சொல்லி உன் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பும் படகில் பெட்டியை நீ மடியில் வைத்துக்கொண்டாய், என்னைத் தொடவிடவில்லை. மட்டாஞ்சேரியில் இறங்கியதும் ஒன்று மட்டும் கேட்டாய். "பெரியப்பா துணி எங்கப்பா?" நான், "போனது போச்சு" என்றேன். நீ வீட்டுக்கு வராமல் நேராக டோபிக்கானாவுக்கு நடந்தாய். அங்கே போய் என்ன சொன்னாய் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. பரிசு கிடைக்கவில்லை, தண்ணீர் சிந்திவிட்டது, என் தப்பு என்று சொன்னாயாம். அதற்குப் பிறகு நீ எந்த மேளாவுக்கும் போகவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அறிவியலை விட்டு வணிகவியல் எடுத்தாய். நான் குதித்தேன், கத்தினேன், என் மகன் இயற்பியல் படிக்காமல் வேறு யார் படிப்பது என்றேன். நீ, "அதுல பொய் சொல்ல வேண்டி வருதுப்பா" என்றாய். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். வங்கியில் நல்ல வேலையில்தான் இருக்கிறாய், குறையொன்றும் இல்லை. ஆனாலும், பெட்டியை மூடும்போதே எண்ணைச் சொன்ன பையன் எங்கே போனான் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளாத நாள் குறைவு.

நீ தொலைபேசியை வைத்த மறுநாள் அண்ணனைப் பார்க்கப் போனேன். பொங்கலுக்குப் பொங்கல் அவர் நம் வீட்டு வாசலுக்கு வருவதும், நான் வாசலிலேயே நின்று பேசி அனுப்புவதும்தான் வழக்கம். நான் அங்கே போய் எத்தனையோ வருடமாகிறது. என் சட்டைகளைக்கூட வேறு எங்கோ கொடுத்துத் தேய்க்கிறவன். அண்ணன் கரி இஸ்திரிப் பெட்டியால் ஒரு ஓட்டல் விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, ஆபீசரா? வழி தெரிஞ்சு வந்தியா, வெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்துச்சா?"

"உன்னைப் பார்க்கத்தான் அண்ணே."

"பார்த்துட்டயில்ல. உட்காரு. அந்த மூட்டை மேல உட்காராதே, வெளுத்தது. சட்டைக் காலர் என்ன இப்படி நெளியுது? யாருடா தேச்சது, வேண்டாதவனா?"

பக்கத்து மேசையில் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தெர்மகோல், படகு, ஜன்னல், வராந்தா. சொல்லச் சொல்ல அவர் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. "அண்ணே, ஒரு தடவை நாலு பேர் முன்னாடி நீ இல்லேன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"ஒரு தடவைதானா?" என்றார்.

விரிப்பை மடித்து ஓரத்தை விரலால் நீவினார். மோகன்தாஸ் சார் மேளா நடந்த வாரமே வந்து துணி வாங்கிக்கொண்டு போனாராம். போட்டியைப் பற்றி ஒன்றுமே பேசவில்லையாம், 'உன் தம்பி மகன் மிடுக்கன்', கெட்டிக்காரன், என்று மட்டும் சொன்னாராம். "அப்பவே எனக்கு என்னமோ தோணுச்சு. கேக்கல. பையன் பாவம், தண்ணி சிந்திருச்சுன்னு என்கிட்ட அழுதான். தண்ணி சிந்தினதுக்கு அவ்வளவு அழுவானா ஒருத்தன்?" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தார். "என்கிட்ட எதுக்குடா? நான் இருக்கேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? அவன்கிட்டப் போய்ச் சொல்லு. அவனுக்குத்தான் அன்னிக்கு ஒரு பெரியப்பன் இல்லாமப் போனான்" என்றார். நீ அழுதாய் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். என் முன்னால் நீ அழுததே இல்லை.

இனி புத்தி சொல்லும் கட்டம் வர வேண்டும். என்னிடம் அதிகம் இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் எதையும் மறைக்காதே என்று சொல்ல நினைத்தேன். பெரியப்பாவைப் பற்றி நீ அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். கோபத்தை வைத்துக்கொண்டு வாழாதே என்று சொல்ல நினைத்தேன். மோகன்தாஸை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் நல்லவன் என்று தெரிந்த பிறகு இன்னும் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கிறது. இதையும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம். பிள்ளை பிறந்து, அது ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டு உன்னிடம் வந்தால், அதை யார் பார்ப்பார்கள் என்று யோசிக்காதே. நீ பார். எனக்கு அது முடியவில்லை. என் மகன் கையில் இருந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை; அதைப் பார்த்து யார் சிரிக்கப் போகிறார்கள் என்றுதான் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அன்றைக்கு நடுவர்களிடம் எனக்காகப் பொய் சொன்னது போல, இதையும் எனக்குக் கஷ்டம் வேண்டாம் என்று கொடுத்துவிடுவாய். வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனை அழைத்துவர நானே போகிறேன். வேட்டி சட்டையெல்லாம் அவரே தேய்த்து வைத்திருக்கிறார். எனக்கும் சேர்த்து, காலரைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். உன் மாமனார் ஆகப்போகிறவருக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் உட்காருவார். அவரைக் காட்டி, இவர் என் கூடப்பிறந்த அண்ணன், டோபிக்கானாவில் துணி வெளுக்கிறார், நானும் அங்கே பிறந்தவன்தான் என்று நான் சொல்ல வேண்டும். இதை எழுதிவிட்டேன், நீங்கள் எல்லோரும் படித்தும் இருப்பீர்கள். இருந்தும் வாயால் சொல்வது வேறு. இத்தனை வருடம் பழகிய நாக்கு. நாற்காலியை இழுத்துப் போடுகிறேன், காபி கொண்டுவரச் சொல்கிறேன் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம். எல்லோரும் பேசாமல் என் முகத்தைப் பார்க்கும்படி ஆகலாம். உனக்குச் சங்கடமாக இருக்கும், வாயைத் திறக்கத் தோன்றும். அப்படியே உட்கார்ந்திரு, செல்வா. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. எனக்காக நீ பேசிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா